நீ வாசலில் மாட்டிய பச்சை வளையம்

பரணிலிருந்து இறக்கிய பாலித்தீன் பையைப் பேத்தி பிரித்தபோது முதலில் வெளியே வந்தது வாசனைதான். மயில்துத்தம் போட்டுக் கிண்டிய மைதாப் பசையும், உருகிய மெழுகும் சேர்ந்த வாசனை. இருபது வருஷமாகியும் போகவில்லை. நான் அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். மத்து அப்படியே நின்றுவிட்டது. அது உன் கை வாசனை. நீ வந்து நிலைப்படியில் நிற்கிறாய் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மகன் பரணில் ஏறியது தொட்டில் கொக்கியைத் தேடி. பேத்தி நந்தினி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நீ சிவப்புக் காகிதப் பழங்களை நூலில் கட்டி இரண்டு காதிலும் தொங்கவிட்டாயே, அந்த ஐந்து வயசுக் குட்டிதான். அவளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. கொக்கி கிடைக்கவில்லை. இரும்புப் பெட்டிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த பை கிடைத்துவிட்டது.

"ஆயா, இன்னா இது? செமயா இருக்குது. நீ பண்ணதா?"

"நான் பண்ணல. எடுத்த எடத்துலயே வெச்சிடு."

அவள் கேட்கிற பிள்ளையா? வாயால் ஊதித் தூசியைப் போக்கினாள். நசுங்கிய இலைகளை விரலால் நீவி விட்டாள். வாசல் கதவில் இருந்த ஒரே ஆணியில் கொண்டுபோய் மாட்டிவிட்டாள்.

"பெங்களூர்ல எங்க ஆபீஸ்ல டிசம்பர் வந்தா கதவுக்குக் கதவு மாட்டுவாங்க ஆயா. அது பிளாஸ்டிக்கு. இது கையில பண்ணது, பாரேன்."

நான் பார்க்கவில்லை. மத்தைப் போட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ கட்டிய வளையம் என் வாசலில், வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதித்தான் ஆகவேண்டும். உனக்குத் தெரியாத பாதியும் இதில் இருக்கிறது.

மத்திகிரியில் அந்த ஆறு வீட்டு வரிசையில் நீ நான்காவது, நான் ஐந்தாவது. நான் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி. நீ மதுரைக்குத் தெற்கே ஏதோ ஊர். நீ பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. புரிந்த பாதியில் கோபம் வரும். என்னைவிட மூன்று வயசு சின்னவள்தான், ஆனால் வாய் மட்டும் எனக்கு மூத்தது.

ஆம்பளைகள் ஷிப்டுக்குப் போனதும் உன் வீட்டு முன்னறையில் ஆறு பேரும் கூடுவோம். மூட்டைக்காரம்மா என்று நாம் கூப்பிட்ட பொம்பளை, பச்சைக் காகிதச் சுருளும் மெல்லிய கம்பியும் கொண்டுவந்து போடுவாள். செய்து முடித்ததை மூட்டை கட்டி எடுத்துப் போவாள். எந்த ஊருக்குப் போகிறது என்று அவளுக்கே தெரியாது. காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, ஒரு ஓரம் முழுக்கச் சீப்புப் பல்லைப் போல வெட்டவேண்டும். வெட்டாத ஓரத்தில் பசை தடவிக் கம்பியில் சுற்றிக்கொண்டே போனால் ஊசி ஊசியாக இலை விரியும். அப்படி ஒரு மரத்தை நம்மில் ஒருத்தியும் பார்த்ததில்லை. "சவுக்கு மரத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சியா இருக்கும்" என்றாய் நீ. பசையைப் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடச் சொன்னதும் நீதான். அதனால்தான் இன்றைக்கும் ஒரு இலைகூட அரிக்கப்படவில்லை. அன்றைக்கு நீ அதைப் போடாமல் இருந்திருக்கலாம், இந்த வளையம் எப்போதோ அரித்துப்போயிருக்கும்.

பழம் செய்வதுதான் பெரிய வேலை. பஞ்சை உருட்டி, சிவப்புக் காகிதத்தில் பொதிந்து, கம்பி முனையில் நூலால் இறுக்கி, உருகிய மெழுகில் ஒரு முக்கு. நிஜப் பழம் தோற்றுப்போகும். முதல் வருஷம் பழத்துக்கு உட்கார்ந்தவள் நான். சின்ன வயசில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு என் வலது கட்டைவிரல் வளைந்துபோனது உனக்குத் தெரியும். அதனால் என் பழம் கொஞ்சம் நீளமாக வரும். ஒருநாள் மூட்டைக்காரம்மா அவற்றைக் கையில் அள்ளிப் பார்த்தபோது நீ வாயைத் திறந்தாய்.

"யக்கா உருட்டுனா பழமாவா வருது? எலிப்புழுக்கையால்ல வருது!"

ஆறு வீடும் சிரித்தது. மறுநாளிலிருந்து பழம் உனக்கு, இலை எனக்கு. நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. அன்றைக்கு நீ கட்டியிருந்தது ஊதாச் சேலை, அதில் வெள்ளைப் புள்ளி. அதுகூட எனக்கு மறக்கவில்லை.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் போனார். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது நெடுஞ்சாலையில் லாரி. கூட வேலை பார்த்தவர்கள் வேனில் வந்தார்கள். பச்சை இலையும் வெள்ளைப் பூவும் வைத்துக் கட்டிய பெரிய வளையம் ஒன்றை இறக்கினார்கள். அவரை இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருக்கவில்லை. வைக்க இடமில்லாமல் அதை என் வாசல் கதவில் சாய்த்துவிட்டு நின்றார்கள். அவருக்கு முன்னால் அது வந்து, அவருக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தது. நீதான் என் தலையை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் பார்க்கவிடாமல் கையால் என் கண்ணை மூடினாய். உன் விரல் இடுக்கில் எனக்குப் பச்சைதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த கார்த்திகையில், தீபத்துக்கு மறுநாள், மூட்டைக்காரம்மா அவிழ்த்த மூட்டையில் கம்பி வளையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் முறம் அகலம்.

"இந்த வாட்டி எல தனியா பழம் தனியா வேணாமாம். இதுல சுத்திக் கட்டித் தரணும். வெளிநாட்டுல பண்டிகைக்கு வாசக்கதவுல மாட்டுவாங்களாம்."

ஒருத்தியும் தொடவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஓனர் வீட்டம்மா "பேடா, பேடா" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள். கம்பெனி ஊரில் குடியிருக்கிற நமக்கு அந்த வளையம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தெரியும்.

"இது பொணத்து மேல வெக்கறது" என்றேன் நான். "மனுசங்க குடியிருக்கற ஊட்ல குந்திக்கினு இதக் கட்ட மாட்டேன்."

"ரவுண்டா இருந்தா பொணத்துக்கா?" என்றாய் நீ. "அப்ப தோசையும் பொணத்துக்குத்தானா யக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று சாயங்காலம் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாய். "யக்கா, சத்தியமா எனக்கு அண்ணன் நெனப்பு வரல. வந்திருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்." நான் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தேன். உமி உன் மேல் விழுந்தது. நீ தட்டிவிடக்கூட இல்லை.

மறுநாள் காலையில் முதல் வளையத்தை நீ கட்டி முடித்துவிட்டாய். இலை நான் வெட்டியது, பழம் நீ உருட்டியது. அதைக் கொண்டுபோய் உன் வீட்டு வாசலிலேயே மாட்டினாய். எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாய்.

"ஒன் பயம் போகணும்லக்கா. நானே மாட்டிப் பாக்குறேன். பொங்கல் வரைக்கும் தொங்கட்டும். ஒண்ணும் ஆகலேன்னா நீயும் என்கூட ஒக்காந்து வளையம் கட்டணும். சரியா?"

அப்போது நான் தலையை ஆட்டியிருக்கலாம். பேசாமல் உள்ளே போயிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"மாட்டு. நல்லா மாட்டு. பொங்கலுக்குள்ள அது யாரக் கொண்டுபோவ வந்துச்சோ, கொண்டுபோவட்டும்."

நான்கு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நீ மட்டும்தான் சிரித்தாய். "போக்கா. ஒன் வாக்கு பலிச்சா நம்ம ஓனரு எந்நேரமோ சாம்பலாயிருக்கணும்."

பயத்தில் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். உன்னிடம் எதற்குப் பொய்? அந்த நிமிஷம் என் மனசில் வீட்டுக்காரர் இல்லை, லாரி இல்லை, வேனில் வந்த வளையம் இல்லை. எலிப்புழுக்கைதான் இருந்தது.

உன்னோடு பேச்சை நிறுத்தினேன். நந்தினி மட்டும் நிறுத்தவில்லை. ஒருநாள் இரண்டு காதிலும் சிவப்புப் பழத்தோடு ஓடிவந்தாள். உன் வளையத்திலிருந்தே இரண்டு பழத்தைப் பிடுங்கிக் கட்டிவிட்டிருந்தாய். கட்டினவள் சாபத்துக்குப் பயப்படவில்லை. சாபம் விட்ட நான்தான் பயந்துபோய் அந்தப் பழங்களை நந்தினி காதிலிருந்து அறுத்துப் போட்டேன். குழந்தை அழுதது உனக்குச் சுவர் வழியாகக் கேட்டிருக்கும்.

மார்கழி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் குழாயடியில் நீ எனக்கு முன்னால் நின்றாய். "யக்கா, இந்தக் கொடத்தச் சித்தப் பிடி" என்றாய். சண்டைக்காரியின் குடத்தை நான் எதற்குப் பிடிக்கவேண்டும் என்று வேறு பக்கம் பார்த்தேன். நீ குடத்தின் மேலேயே சாய்ந்தாய். ஆட்டோவில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. ரொம்ப நாளாக நெஞ்சில் இருந்த கோளாறு என்று டாக்டர் சொன்னாராம்.

ஆட்டோவுக்குப் பின்னால் எல்லாரும் ஓடிவிட்டார்கள். வரிசையில் நான் ஒருத்திதான் நின்றேன். உன் வாசலில் அது தொங்கியது. உனக்கு முன்னால் வந்து உனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

உனக்குத் தெரியாத பாதி இதுதான். அதைக் கழற்றி முந்தானைக்குள் மறைத்து என் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தவள் நான்.

மத்தியானம் உன்னைக் கொண்டுவந்தார்கள். உன் வீட்டுக்காரர் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "அவ கட்டுன வளையம் எங்கம்மா? அவ கையால கட்டுனது. அதையே அவ மேல வெப்போம்" என்றார். எல்லாரும் தேடினார்கள். நானும் தேடினேன். உன் கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடத் தேடினேன். அது மட்டும் உன் மேல் ஏறிவிட்டால் நான் சொன்ன சொல் முழுசாக நிறைவேறிவிடும். அந்தக் கடைசித் துண்டையாவது தடுக்கவேண்டும் என்று நினைத்தேன். நாய் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். "இருக்கும், இருக்கும்" என்றேன். அந்த மாதமே உன் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு உங்கள் ஊருக்குப் போய்விட்டார்.

அதை எரிக்க எனக்கு மனசு வரவில்லை, உன்னை இரண்டாம் தடவை எரிப்பது போல. குப்பையில் போட்டால் யார் வாசலுக்குப் போகுமோ என்று பயம். மகன் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தபோது என் துணி மூட்டைக்குள் வைத்து நானே தூக்கிவந்தேன். அன்றிலிருந்து பரணுக்குக் கீழே நான் படுத்ததில்லை.

இப்போது கேள். நந்தினி அதை மாட்டிய நாலாம் நாள் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். திரும்பிவந்த மருமகள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "கொடி கழுத்தச் சுத்தியிருக்குதாம் அத்தே. நெறைய பேருக்கு இருக்குமாம், பயப்படாதீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

அவள் தலைக்குப் பின்னால் உன் வளையம் இருந்தது. குழந்தையின் கழுத்து அளவுதான் அதன் நடு ஓட்டை என்று எனக்குத் தோன்றியது. அப்படி இல்லை, முறம் அகலம்தான். தோன்றியதை என்ன செய்ய?

மறுநாள் காலையில் எல்லாரும் உள்ளே இருந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஆணியைத் தொடுவதற்குள் நந்தினி வந்துவிட்டாள்.

"ஆயா! விழுந்து இடுப்ப ஒடைச்சிக்கப் போற. இறங்கு."

"இதக் கழட்டு மொதல்ல."

"இன்னாத்துக்கு? இது தொங்குனா உனக்கு இன்னா வந்துச்சு?"

சொல்லிவிட்டேன். நாற்காலி மேல் நின்றபடியே, நிலையைப் பிடித்துக்கொண்டு, எலிப்புழுக்கையிலிருந்து அரிசி டிரம் வரைக்கும். சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என் காதுல பழம் கட்டிவிட்டாங்களே, அவங்களா?"

உன்னை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அது தெரியாது.

"ஆயா, அந்த ஓனர் தாத்தாவ நேத்துகூட பாத்தேன். வாக்கர் புடிச்சிக்கினு டீ குடிக்கப் போறாரு. நீ விடாத சாபமா?"

"அவுரு வாசல்ல எதுவும் தொங்கலியே" என்றேன்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "உன் பயம் போவணும்னுதான அவங்க மாட்டுனாங்க. அவங்களால முடிக்க முடியல. நான் புள்ளையத் தூக்கிக்கினு இந்த வாசல்ல வர்ற வரைக்கும் இது தொங்கட்டும். கழட்டுன, நான் உன்கூட பேச மாட்டேன்."

தொங்கட்டும் என்று நீ சொன்ன அதே சொல். அப்படிச் சொல்லாதடி என்று அவள் வாயைப் பொத்தப் போனேன். அவள் அந்தக் கையைப் பிடித்தே என்னைக் கீழே இறக்கிவிட்டாள்.

அதற்கப்புறம் நான் பின்வாசல் வழியாகத்தான் போனேன் வந்தேன். சோறு இறங்கவில்லை. அவள் இருமினால் ஓடினேன், இருமாவிட்டாலும் ஓடினேன். வலி எடுத்து அவளை அழைத்துப் போன அன்று, வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். நானும் உன் வளையமும்.

வீட்டுக்குள் இருக்க முடியாமல் வாசலுக்கே வந்தேன். அப்போதுதான் அதை நேருக்கு நேராகப் பார்த்தேன். நீ பிடுங்கிய இரண்டு பழத்தின் இடம் இன்னும் வெறுமையாக இருந்தது. வளைகாப்புக்கு வந்த பரிசு சுற்றியிருந்த சிவப்புக் காகிதம் ஒன்று கிடந்தது. பஞ்சு இருந்தது. கரண்டு போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியை டப்பாவில் போட்டு உருக்கினேன். உருட்டி, பொதிந்து, இறுக்கி, முக்கி எடுத்தேன். இரண்டும் நீளமாகத்தான் வந்தன. கொண்டுபோய் அந்த வெற்றிடத்தில் முறுக்கிக் கட்டினேன். இனி இதைக் கட்டியதில் என் கையும் இருக்கிறது. இது யாரையாவது கொண்டுபோக வந்திருந்தால் கட்டினவளைக் கொண்டுபோகட்டும் என்று உன்னிடம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

மெழுகு கையில் காய்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. நாலு தடவை அடிக்கும் வரைக்கும் எடுக்கவில்லை. மகன் பேசினான். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்களாம். பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். "அம்மா, கேக்குதா? அம்மா?" என்றான். "ம்" என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. என் வாயை நான் நம்புவதில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகவேண்டுமே. கொத்தோடு போனேன். ஆணியில் நீ இருந்தாய். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உன் காகித இலைகளுக்கு நடுவிலேயே வேப்பங்கொத்தைச் செருகினேன். மருமகள் ஆரத்தி சுற்றினாள். நந்தினி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆயா, இந்த ரெண்டு மட்டும் எலிப்புழுக்கை!"

அன்றைக்கு உன் மேல் வந்த கோபம் அப்படியே திரும்பி வந்தது. ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் ஏறியது. விழுங்கிவிட்டேன். நீ போன நாளிலிருந்து எந்தச் சொல்லையும் அப்படித்தான் விழுங்குகிறேன். ஆள் மாறிவிட்டேன் என்று ஊர் நினைக்கிறது. கோபமெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, ஒன்றுகூடத் தொலையவில்லை.

பயமும் தொலையவில்லை. குழந்தை தூங்கும்போது மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்காதே. பிள்ளையோடு வாசலில் வரும் வரைக்கும் என்று நந்தினி சொன்னாள், வந்துவிட்டாள், இனிக் கழற்றலாம். கழற்றவில்லை. நீ சொன்னது பொங்கல் வரைக்கும். இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. வேப்பிலை காயக் காய மாற்றுகிறேன். உன் இலை பச்சையாகவே இருக்கிறது. இப்போது முன்வாசல் வழியாகத்தான் போகிறேன், தலையைக் குனிந்துகொண்டு.

நீ போட்ட பந்தயத்தில் ஒரு பாதி என்னுடையது. பச்சைக் காகிதம் வாங்கி வைத்துவிட்டேன். பசைக்கு மயில்துத்தம் எங்கே கிடைக்கும் என்று மகனைக் கேட்டிருக்கிறேன். பொங்கல் கழியட்டும். உட்கார்ந்து ஒரு வளையம் கட்டுகிறேன். இலை நானே வெட்டுவேன், பழமும் நானே உருட்டுவேன். கட்டைவிரல் அப்படியேதான் வளைந்திருக்கிறது, பழமும் அப்படித்தான் வரும். அதைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது.